வாசிப்புக் கூட்டத்துக்கு ஆள் வந்த கதை

அன்புள்ள அக்கா மகளுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நீதான் மாமா பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் கல்லூரி நூலகத்து வாசிப்புக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை என்று, வேலையே வேண்டாம் என அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். இந்த வாரமும் ஆள் வராவிட்டால் கூட்டத்தையே நிறுத்திவிடுவதாக முதல்வர் சொல்லியிருந்தார். விடுவேனா? கல்லூரி வாசலில் டீ ஆற்றுகிற நானே போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்! ஜன்னலெல்லாம் தலைகள். சரி, பதினாலு பேர். டீ இலவசம் என்று சொல்லியிருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சிங்கம் மாதிரி வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு பெண் எழுந்தாள்.

"மாஸ்டர், நீங்க எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும். இப்படிக் கொடுங்க."

பிடுங்கிப் படித்தாள். பக்கத்திலிருந்தவன், "ஏய், நீயே முடிச்சிடாத, எனக்கும் கொஞ்சம் விடு" என்றான். புத்தகம் கை மாறிக்கொண்டே போனது. டீ ஆறிப்போனது, ஒருவரும் தொடவில்லை.

கதவருகே நின்ற முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க, கூட்டம் நடக்கட்டும்" என்றார்.

உடனே பெட்டியைக் கட்டு. நீ வருவாயா மாட்டாயா என்று நினைத்து நினைத்து, காலையிலிருந்து இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டுவிட்டேன்.

இன்னொன்று. முதல்வர் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. பதினாலு பேர் வந்தார்கள் என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

இப்படிக்கு,
உன் மாமா