பிளேடுக்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒரு காலண்டர் தாள்

என் அன்பு மச்சானே, பாடாங் செராய் மரப்பட்டறையின் மாமன்னரே, அங்கே மேலே எந்தப் பலகையை அறுத்துக்கொண்டிருந்தாலும் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள்.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லாரும் நலம். பட்டறையின் தகரக் கூரையில் ஓட்டை விழுந்து, மழை வந்தால் உள்ளே நம் ஊர் மூடா ஆறே ஓடியது. நானே ஏறி அடைத்தேன். நான் அடைத்த அழகில் இப்போது இரண்டு ஆறு ஓடுகிறது.

ஆனால் இது கூரையைப் பற்றிய கடிதமல்ல. உங்கள் பேண்ட்சா மெஷினை உங்களுக்குத் தெரியாமல் விற்கப் பார்த்தேன். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மீதியைப் பிறகு திட்டிக்கொள்ளலாம்.

நம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ரிப்பன் மாதிரி ஓடும் ரம்பப் பிளேடு. விட்டால் அது இடமும் வலமும் ஆடும். ஆடவிடாமல் இரண்டு பக்கமும் காவல் நிற்பதற்குப் பெயர் கைடு. அந்தக் காவலுக்கு இரும்பு பேரிங் நல்லதா, மரக்கட்டை நல்லதா என்று என் மச்சானும் நானும் போட்ட சண்டையில் ஜெராய் மலை இரண்டடி பின்வாங்கியது. சந்தேகமிருந்தால் போய் அளந்து பாருங்கள்.

நான் பேரிங் கட்சி. முப்பது வருஷம் லாரி ஓட்டியவன், சுழலாத சாமான் எதையும் நம்ப மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் பினாங்கிலிருந்து ஒரு ஜோடி பேரிங் கைடு வாங்கி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஊர்வலமாகக் கொண்டுவந்து கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள். மூடி அலமாரியில் வைத்தீர்கள். "அது பெரிய எடத்துச் சாமான் மச்சான். என் மெஷினுக்கு இந்தக் கட்டையே போதும்லா" என்றீர்கள். அவ்வளவுதான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பிடிவாதக்காரர் என்று குருண் வரைக்கும் பரப்பினேன். மெர்பாவ் மரத்தைத் துண்டு போட்டு, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து மெஷினில் சொருகுகிற மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்றேன். தலையில் ஒரு முடி இல்லாதவருக்குப் பட்டறையில் எண்ணெய் பாட்டில் எதற்கு என்று காப்பிக் கடையில் கேட்டுச் சிரித்தேன். பென்சிலை விட்டுவிட்டுக் கறுப்பு மார்க்கரில் கோடு போட ஆரம்பித்தீர்களே, அதையும் விடவில்லை. அந்தக் கோட்டில் லாரி ஓட்டலாம் என்றேன். நீங்களும் கூடவே சிரித்தீர்கள்.

சரி, விற்கிற கதைக்கு வருகிறேன். உங்கள் காரியமெல்லாம் முடிந்ததும் குருணிலிருந்து மரக்கடை முதலாளி தவுக்கேயை வரச் சொன்னேன். திங்கட்கிழமை வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போவதாகப் பேச்சு. எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி, உங்கள் தனம். அவளுக்குப் பத்து விரல். அந்தக் கணக்கு மாறக்கூடாது என்பது மட்டும்தான் என் பயம்.

தனம் ஒத்துக்கொள்ளவில்லை. சுங்கை லாலாங் பள்ளிக்கூட டீச்சருக்கு நீங்கள் ஒரு காவடி செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தீர்களாம். வீட்டுக்காரர் ஆபரேஷன் முடிந்து பிழைத்ததற்கு டீச்சர் நேர்ந்துகொண்டது. தைப்பூசம் நெருங்குகிறது. "அத நானே அறுத்துக் குடுத்துர்றேண்ணே" என்றாள். ரம்பம் என்ன இடியாப்ப அச்சா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தனம் சண்டை போடாமல் போனால் அதற்குக் காரணம் இருக்கும்.

வாக்கு உங்களுடையது, காப்பாற்றுகிறவன் நான் என்று களத்தில் இறங்கினேன். சனிக்கிழமை காலை. மரக்கட்டைகள் தேய்ந்து போயிருந்தன, புதுக் கைடு போட்டே ஆகவேண்டும். பதில் சொல்ல நீங்கள் இல்லாத நேரத்தில் நம் சண்டையில் ஜெயித்துவிடலாம் என்று ஒரு அற்ப ஆசை, மச்சான். அலமாரியிலிருந்து பேரிங் பெட்டியை இறக்கினேன். காவடி வளைவுக்கு நீங்கள் போடும் ஒல்லிப் பிளேடு அப்படியே இருந்தது. பேரிங்கை நன்றாக முன்னால் தள்ளி, பிளேடை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி வைத்தேன். காவல் என்றால் நெருக்கமாகத்தானே நிற்க வேண்டும்?

சுவிட்சைப் போட்டதும் பத்தாயிரம் பூனையை ஒரே பானையில் போட்ட மாதிரி சத்தம். பேரிங் பல்லின் மேலேயே ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் விரிந்து நிற்க வேண்டிய பல்லெல்லாம் நசுங்கி, பிளேடு கோட்டை மதிக்காமல் தன் இஷ்டத்துக்குப் போனது. காவடியின் வளைவு வர வேண்டிய பலகையில் கொம்பு முளைத்த பெருச்சாளி வந்தது. அப்புறம் மூடிக்குள்ளே டப்பென்று ஒரு வெடி. பிளேடு அறுந்துவிட்டது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சுவிட்சை அணைத்தது தனம். சமையலறையிலிருந்து எப்போது வந்தாளோ.

"கைடு பல்லு மேல உக்காந்திருச்சுண்ணே. சத்தத்துலயே தெரியலியா?"

உனக்கென்ன தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேரிங்கைக் கழற்றிவிட்டாள். எண்ணெய் டின்னிலிருந்து இரண்டு மெர்பாவ் துண்டை எடுத்தாள், உப்புத்தாளில் நாலு தேய்ப்பு. புதுப் பிளேடை மாட்டினாள். சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவே சொருகினாள். கட்டையைத் தாள் தொடும்வரை தள்ளி, திருகை முடுக்கி, தாளை உருவினாள். கட்டையின் முன்முனை பல்லுக்குச் சற்றுப் பின்னால் நின்றது. சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, காதைச் சாய்த்துக் கேட்டாள். இது ஒரு நாளில் வருகிற கை இல்லை, மச்சான்.

நான் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள். "அவருக்குக் கண்ணு மங்கி மூணு வருஷமாச்சு. இந்த இடைவெளி தெரியாது. பென்சில் கோடும் தெரியாது. கடைசி ஒரு வருஷம் வளைவெல்லாம் நான்தான் அறுத்தேன்."

அந்தப் பேரிங் பெட்டியைப் பற்றியும் சொன்னாள். "நீங்க கொண்டாந்தப்ப நான் பழக ஆரம்பிச்ச நேரம்ணே. தப்பு தப்பா வைப்பேன். மரம் பல்லுல பட்டா மரம்தான் தேயும், பிளேடுக்கு ஒண்ணும் ஆகாது. அதான் அவரு வேணாம்னாரு."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை? மார்க்கர் கோட்டைப் பார்த்து நான் சிரித்த ஒவ்வொரு தடவையும் கூடச் சிரித்தீர்களே, எப்படி முடிந்தது? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒலிபெருக்கி கட்டியிருப்பேன். கண்ணில் ஒரு மங்கலை இரண்டு கண்ணும் குருடு என்று ஆக்கி, செய்தி கூலிம் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் உங்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருப்பேன். அப்புறம் யார் உங்களிடம் காவடி கேட்டு வந்திருப்பார்கள்? என் வாய்க்குப் பயந்துதான் மறைத்தீர்களா? இதற்கு மட்டும் எப்படியாவது பதில் தெரிந்தால் தேவலை.

டீச்சரின் காவடியைத் தனம் மறுநாள் அறுத்தாள். நான் எதிரே நின்று பலகையைத் தாங்கிக்கொண்டேன். அவள் விரல் பிளேடுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடக் கிட்டே போகவில்லை. என் பேரிங்கையும் அவள் தூக்கிப் போடவில்லை, கேளுங்கள். அகலப் பிளேடு மாட்டி நேராகப் பலகை பிளக்கும்போது அதுதான் தோதாம். வளைவுக்கு மரம், பிளப்பதற்குப் பேரிங். நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷம் கத்தியதை அவள் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை தவுக்கே லாரியோடு வந்தார். தனம் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, மெஷின் வேலையில் இருக்கிறது என்றாள். யார் ஓட்டுவது என்று அவர் என்னைப் பார்த்தார். நான் தங்கச்சியைக் காட்டினேன். லாரி காலியாகத் திரும்பிப் போனது. என் ஆயுசில் காலி லாரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மச்சான், உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மலையை நகர்த்துவதையும் பூனைகளை எண்ணுவதையும் நான் விடப்போவதில்லை, அது என் பிறவிக் குணம். ஆனால் இந்தப் பட்டறையிலிருந்து போகும் காவடியைப் பார்த்து யார் செய்தது என்று யார் கேட்டாலும், ஒன்று கூட்டவும் மாட்டேன், ஒன்று குறைக்கவும் மாட்டேன். வளைவை அறுத்தது தனம் என்பேன். நிறுத்திக்கொள்வேன்.

உங்கள் மச்சான்,
தனத்தின் அண்ணன்,
இப்போது அவள் பட்டறையில் பலகை பிடிப்பவன்.