பின்பாதி

அண்ணே,

இன்று காலை ஜன்னல் திரை கிழிந்த இடத்தில் என் வீட்டுக்காரி ஒரு பேட்ஜைக் குத்தி வைத்திருந்தாள். ஜப்பான்காரன் காலத்தில் ஆபீஸ் முடிந்து நாம் இருவரும் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, சட்டையில் மாட்டிக்கொண்டு மலாக்கா முழுக்கத் திரிந்தோமே, அந்த ஜப்பானிய மொழி பேட்ஜ். என் புலமைக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அதைப் பார்த்ததும் உங்கள் காஜா பேராங் தெரு வீட்டுப் பின்னறை ஞாபகம் வந்தது. அங்கே குடியிருந்த கிழட்டு ஐரிஷ் சர்வேயரை, அவர் நாடு சண்டையில் சேரவில்லை என்று ஜப்பான்காரன் முகாமில் அடைக்காமல் வெளியே விட்டுவைத்திருந்தான். நீங்களும் அவரும் கள்ளச் சாராயம் காய்ச்சுவதாகச் செமாபோக் வரை கதை கட்டியவன் நான்தான். இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் காய்ச்சலில் விழுந்தபோதுதான் அவர் அங்கே செய்வது ஜெபம் என்று தெரிந்தது. அவருடைய அம்மா வீட்டில் ஜெபமாலை ஐரிஷ் மொழியில்தானாம். ஒவ்வொரு ஜெபத்திலும் ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்வார்களாம். அவர் முன்பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக் காத்திருப்பார். அந்த மொழியில் பதில் சொல்ல ஊரில் ஆளில்லை. அதிக நாள் தாங்கமாட்டார் என்று வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிவிட்டிருந்தார்.

"நாம கத்துக்குவோம் தம்பி" என்றீர்கள்.

"ஜப்பானியமே இன்னும் தொண்டையில நிக்குதண்ணே."

"அது பயத்துல படிச்சது. இது வேற."

அவர் சொல்லச் சொல்ல, ஜப்பானிய நோட்டின் பின்பக்கத்தில் பின்பாதியைத் தமிழில் எழுதிக்கொண்டோம். நம் எழுத்தில் அடங்காத சத்தங்களுக்கு நீங்கள் அழகாக ஒரு கோடு போட்டீர்கள். நான் 'இருமல்' என்று எழுதிவைத்தேன்.

முதல் நாளே மானம் போயிற்று. அவர் முன்பாதியைச் சொன்னதும், வகுப்பில் பழகிய புத்தி, இருவரும் எழுந்து நின்று குனிந்து வணங்கி, அதையே திருப்பிச் சொன்னோம். அவர் மறுபடி சொன்னார். நாமும் மறுபடி குனிந்தோம். மூன்றாம் முறை கிழவர் சிரித்துத் திணறி, மலாய் மொழியில் சொன்னார்: "அது என்னுடையது. உங்களுடையதைச் சொல்லுங்கள்."

அதன்பின் உட்கார்ந்தே சொன்னோம். அவர் சுவரைப் பார்ப்பது நின்றது.

ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து முன்பாதி வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தீர்கள். பிறகு அதையும் நீங்களே சொன்னீர்கள். நான் பதில் சொன்னேன்.

போன மாதம் உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று தேவாரம் பாட நிறையப் பேர் இருந்தார்கள். நான் நெற்றி நிறையத் திருநீறோடு ஓரமாக நின்று அந்தப் பின்பாதியை முணுமுணுத்தேன். இருமுகிறேன் என்று நினைத்து வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள்.

முன்பாதியை நான் கற்கவேயில்லை, அண்ணே. அது உங்களுடையது. என்னுடையதை மறக்காமல் வைத்திருக்கிறேன்.