சிகிச்சைக்கு முன்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள். நான் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பல்வலி இல்லை, வயிற்றெரிச்சல்.

பஸ் ஸ்டாப்பில் என் முகத்தை ஆளுயரத்துக்கு ஒட்டி, கீழே ‘சிகிச்சைக்கு முன்’ என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ‘சிகிச்சைக்குப் பின்’ என்று எவளோ ஒருத்தி இளிக்கிறாள். என் பல்லுக்கு என்ன குறைச்சல்? இன்று வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து, “எப்ப டீச்சர் பல்லு சரியாகும்?” என்று கேட்கிறது.

நாம் ஜோடியாக நின்ற படத்தை நெட்டில் போடும்போதே தலைபாடாய் அடித்துக்கொண்டேன், பெயரை நடுவில் பெரிதாகப் போடுங்கள் என்று. “உன் மூஞ்சி மேல எழுதினா நல்லாவா இருக்கும்?” என்று சொல்லி, உங்கள் சட்டை ஓரத்தில் எறும்பு மாதிரி வாட்டர்மார்க் வைத்தீர்கள். பெயரோடு சேர்த்து உங்களையும் வெட்டிவிட்டார்கள். என் தோளில் உங்கள் நாலு விரல் மட்டும்தான் மிச்சம். அதற்கும் நேற்று, “விடும்மா, படம் நல்லா இருக்கப் போய்த்தானே எடுத்திருக்கான்” என்கிறீர்கள்! உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?

ஐந்து மணிக்கு பிளம்பர் வருவார். குழாயை மட்டும் காட்டுங்கள். என் பல்லைப் பற்றி விசாரித்தால் கதவைச் சாத்துங்கள்.

பி.கு.: ஆதாரத்துக்காக, கூடத்தில் மாட்டியிருந்த முழுப் படத்தைக் கழற்றி எடுத்துப் போகிறேன். ஆணி சும்மாதானே இருக்கிறது என்று சட்டையை மாட்டிவிடாதீர்கள். போஸ்டரைக் கிழிக்க வைத்துவிட்டு நாம் இரண்டு பேரும் அந்த ஆணிக்கே திரும்பி வருவோம்.