சூரியனுக்கு மிக அருகில்

மே 14, புதன். பூந்தமல்லி.

ஞாயிறன்று எங்கள் அடுக்ககக் கூடத்தில் நான் பேசியது இதுதான். வேறு பல விண்மீன்களை மிக நெருங்கிக் கோள்கள் சுற்றுகின்றன. நம் சூரியனுக்கும் புதனுக்கும் இடையே ஒன்றுமில்லை. ஒருகாலத்தில் சில இருந்து, ஒன்றோடொன்று மோதி நொறுங்கிச் சூரியனுக்குள் விழுந்திருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை மூன்று முறை சொன்னேன்.

என் மகள் நித்யாவுக்கு நிச்சயித்த பையனின் தந்தை முன்வரிசையில் இருந்தார். இன்று மாலை கரையான்சாவடியிலுள்ள தம் கடைக்கு என்னை வரச்சொன்னார்.

"சார், உங்க பொண்ணு ஜாதகத்துல சுக்கிரன் சூரியனாண்ட ஒட்டிகினு கீது. அது செத்த கிரகம், கட்டிக்கப் போறவனுக்கு ஆவாதுன்னு ஜோசியர் அப்பவே சொன்னாரு, நான்தான் கண்டுக்கல. இப்ப காலேஜ் வாத்தியாரு நீங்களே சொல்ட்டீங்க, பக்கத்துல போனது எதுவும் தப்பலன்னு. என் புள்ள உசுரு சார். இந்தக் கல்யாணத்த உட்ருங்க."

நேற்றுவரை நான் சம்பந்தி. நான் குரலை உயர்த்தவில்லை. பத்திரிகை அச்சாகிவிட்டது என்றேன். அவர் வரவழைத்த மோரைத் தொடாமல் எழுந்து வந்தேன். தம் அச்சத்துக்கு அவர் என் வாயைச் சாட்சியாக்கியதை ஒருநாளும் மன்னிக்க மாட்டேன்.

நித்யாவிடம் சொல்ல அஞ்சினேன். வேலையிலிருந்து திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. பையன் செய்தி அனுப்பியிருக்கிறான். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

"அந்தக் கிரகமெல்லாம் நிஜமா இருந்துச்சாப்பா?"

"தெரியாதும்மா. சுவடு எதுவும் மிஞ்சல."

அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டாள். இரண்டு முறை தட்டினேன். "தூங்குறேன்பா" என்றாள். கதவுக்கடியில் வெளிச்சம் இன்னும் தெரிகிறது. மூன்றாம் முறை தட்டப் போகிறேன்.