கத்தி சிவக்கவில்லை, அப்பா

அப்பா,

இன்று காலை பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைக் கொடிக்கு மருந்தடித்தார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த ஈர வாசம் ஜன்னல் வழியாக வந்ததும், நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

என் மீன்களுக்கு நோவு வந்த அன்றைக்கும் இதே வாசத்தோடுதான் வந்தீர்கள். நான் தொட்டி கழுவும் வேலை பார்க்கும் சின்னமனூர் கலர் மீன் கடை அண்ணன், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கடல் மீன்களை எனக்குக் கொடுத்திருந்தார். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு டிவி பக்கத்தில் வைத்திருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள், யாரிடமும் வாய் திறக்காதவள் என்று சொந்தக்காரர்கள் என்னைப் பற்றி ஆரம்பித்தால், "மலைக்கு நடுவுல கடலக் கொண்டாந்து வச்சிருக்கா எம்மக, வந்து பாருங்க" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

அந்த மீன்களுக்கு உப்பைத் தூவியதுபோல் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்தது. செம்பு மருந்துதான் கேட்கும், மதுரையில்தான் கிடைக்கும் என்றார் அண்ணன். உங்களிடம் சொன்னேன்.

"செம்புன்னா மயில்துத்தந்தான ஆத்தா? நம்ம தோட்டத்துச் செட்டுலயே மூட்டை கெடக்கு."

சாயங்காலம் ஒரு வாளியில் துத்தமும் இன்னொன்றில் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டு வந்தீர்கள்.

"மீனுக்கு எதுக்குச் சுண்ணாம்பு?" என்றாள் அம்மா.

"வெறுந் துத்தம் அடிச்சாக் கொடியே கருகிப்போகும். இது சின்ன உசுரு, எரியாதா?"

இரண்டையும் கலந்தீர்கள். தோட்டத்தில் செய்வதுபோலவே கத்தியை முக்கி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தீர்கள். சுண்ணாம்பு போதாமல் செம்பு மிஞ்சியிருந்தால் கத்தி சிவக்கும். "செவக்கல பாரு. இனி எரிக்காது" என்று வாளியைத் தூக்கினீர்கள்.

தொட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு "ஊத்தாதீகப்பா" என்று கத்தினேன். கொடிக்கு அடிக்கிற அளவு மீனைக் கொன்றுவிடும், சுண்ணாம்பு தண்ணீரையே கெடுத்துவிடும், தொட்டிக் கல்லில் செம்பு ஏறினால் அதில் ஊரும் நத்தைகூட மிஞ்சாது, மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து விடவேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். வாளியை இறக்கி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"மீனு பொழைக்குதோ இல்லியோ, ஒம் மக பேசிட்டா."

மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறினீர்கள். அங்கிருந்து போன் வந்தது. "இங்கன ரெண்டு தினுசு இருக்காம் ஆத்தா. எதுன்னு கேக்காக. எனக்கென்ன தெரியும், நீயே பேசு." நான் வேண்டாம் என்பதற்குள் போனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டீர்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் முதன்முதலாகப் பேசியது அன்றுதான். ஒன்று வெறும் செம்பு. வேகமாகக் கேட்கும், ஆனால் அளவு தப்பினால் மீனைக் கொல்லும், உப்புத் தண்ணீரில் நிலைத்தும் நிற்காது. மற்றது வேறொன்றோடு கட்டிய செம்பு. மெதுவாக வேலை செய்யும், தண்ணீரில் நிற்கும். கட்டியதையே கேட்டேன், தண்ணீரில் அதன் அளவைப் பார்க்கும் சோதனைத் துளிகளையும் சேர்த்து.

ஒரு மீன் போய்விட்டது. ஒன்று பிழைத்தது. அது தொட்டியில் சுற்றுவதைப் பார்த்தபடியேதான் நீங்கள் டீ குடிப்பீர்கள்.

பிறகு ஒருநாள் திராட்சைப் பந்தலுக்கடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எந்த மருந்து என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது மிஞ்சிய மீனுக்கும் புள்ளி வந்திருக்கிறது. மதுரைக் கடைக்கு நானே போன் செய்தேன். பாட்டில் வந்தது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அளந்து ஊற்றி, துளி விட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

பிறகு சுவரில் மாட்டியிருந்த உங்கள் கத்தியை எடுத்து, நன்றாகக் கழுவி, அந்தத் தண்ணீரில் முக்கினேன். இவ்வளவு கொஞ்சச் செம்பு அதில் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"செவக்கலப்பா" என்று வாய்விட்டே சொன்னேன்.

இனி எரிக்காது என்று சொல்லத்தான் யாரும் இல்லை.