பெங்களூரிலிருந்து பி.பி. கால்

ஜவ்வாது மலை
28-1-1986

அன்புள்ள மகன் சின்னராசுவுக்கு அப்பா தீர்த்தகிரி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அம்மாவும் மாடுகளும் சுகம். உன் சுகத்தைத்தான் உன் கடன்காரன் வாரம் தவறாமல் போனில் சொல்லி வந்தானே, அதனால் விசாரிக்கவில்லை. சாமை சுமாராக விளைந்தது. புளி இந்த வருஷம் காய்ப்பில்லை.

நீ தவணைக்கு டி.வி. வாங்கியதும், தவணை கட்டாமல் ரூமை மாற்றிக்கொண்டு ஓடியதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கரண்டு வராத வீட்டில் பிறந்தவனுக்கு டி.வி. கேட்கிறது. கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள், நீ பட்டணம் சேர்ந்து கெட்டாய். அதோடு விட்டாயா, ஜாமீனுக்கு என் பேரையும் நம் போஸ்ட் ஆபீஸ் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறாய். இந்த மலையில் ஒருவனுக்குப் போன் வந்தால் அது சாவுச் சேதி என்று உனக்குத் தெரியாதா. பெங்களூரிலிருந்து என் பேருக்கு பி.பி. கால் என்று தபால்காரர் முனிசாமி முதல் தடவை வந்து கூப்பிட்டபோது உன் அம்மா மாரடித்துக்கொண்டு விழுந்தாள். களை வெட்டிக்கொண்டிருந்த சனமெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே எங்களோடு நடந்தது. போனை எடுத்தால் ஒருவன், யோவ் கெழவா, ஒம் புள்ள எங்கயா ஒளிஞ்சினு கீறான் என்கிறான். நீ உயிரோடு இருக்கிறாய் என்று புரிந்ததும் உன் அம்மா போனைப் பிடுங்கி, நீ நல்லா இருக்கணும் சாமி என்று அவனைக் கும்பிட்டாள்.

கடன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உனக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று ஊருக்கும் உன் பெண்டாட்டி பச்சையம்மாவுக்கும் சொல்லி வைத்தேன். வாரா வாரம் போன், வாரா வாரம் சனமும் கூடவே வந்தது. மாடுகளை ஓட்டிப்போவேன் என்றான். பச்சையம்மாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தினால் தவணை தீரும் என்று என்னிடமே சொன்னான். புது விலாசம் எழுதிய உன் கார்டு அப்போது என் மடியில் இருந்தது. படித்துக் காட்டியிருந்தால் அன்றோடு தொல்லை விட்டிருக்கும். காட்டவில்லை. தகப்பன் என்று நான் செய்தது அது ஒன்றுதான்.

மார்கழியில் மறுபடி அவளைப் பற்றிப் பேசினான். எனக்கு வெறி பிடித்துவிட்டது. டிரங்க் காலில் கத்தித்தானே பேச வேண்டும், எம் மவன் செத்துட்டான், இனிமே போன் பண்ணாத என்று கத்திவிட்டு வைத்தேன். வாசலில் நின்ற சனத்துக்குக் கேட்டது அந்த ஒரு பேச்சு. நான் வீடு சேர்வதற்குள் மேளம் வந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டேன். கடன்காரன் ஆள் அனுப்பினால் ஊரைத்தானே கேட்பான். நம் சனத்துக்குப் பொய் சொல்ல வராது, நம்பினால்தான் சொல்லும். நம்பட்டும் என்று விட்டேன். உடம்பு எங்கே என்று கேட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டேன். அங்கேயே எரித்திருப்பார்கள் என்று அவர்களே முடிவு செய்தார்கள். உன் அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். ஊருக்காக அழுதாள், பிறகு என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். பச்சையம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தாலியைக் கழற்ற விட்டிருப்பாளா. கருமாதியன்று கழற்றினார்கள். பொங்கல் கழித்து அவன் ஆள் ஒருவன் மலையேறி வந்தான், ஊரே சத்தியம் செய்தது, அவள் கழுத்தைப் பார்த்தான், போய்விட்டான். அதன்பின் போன் இல்லை.

போன வாரம் அவள் அண்ணன்மார் நெல்லிவாசலிலிருந்து வந்தார்கள். அங்கே ராஜாக்கண்ணு என்று பெண்டாட்டி இறந்த ஒருவன், மாசியில் அவனுக்குக் கொடுக்கிறார்கள். என் சம்மதம் கேட்டு வெற்றிலை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். புறப்படும்போது அவள் என் காலில் விழுந்து, மாமா, கடைசியா இன்னா சொன்னாருன்னு போன்ல சொன்னாங்களா என்று கேட்டாள். உன் பேரைத்தாம்மா சொன்னான் என்றேன்.

இதைத் திருப்பத்தூர் போய்ப் போடுகிறேன். பதில் எழுதாதே, வராதே. நம் மலை ஆள் யாரையாவது அங்கே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள், மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா. அதற்கு மட்டும் வாய் திறந்தாள்.

இப்படிக்கு,
உனக்குத் தகப்பனாக இருந்த
தீர்த்தகிரி