கதவுக்கு உள்ளே இருந்தவள்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. உன் தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீர் குடிக்கிறாயா?

அன்று போனில் நீ கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். சீரியல்களில் பிணமாகவும் நர்ஸாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் ஓரத்தில் வந்து வந்தே உனக்கு இளமை போய்விட்டது. மேடையில் தனியாக ஒரு நாற்காலியைப் போட்டு உன் சொந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள். இப்போது போய், "அம்மா வாய் திறக்காம கெடந்தத மேடையில சொல்றது பாவமாக்கா? விட்டுட்டு சீரியலுக்கே போயிடவா?" என்கிறாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை உன் நாடகத்தில் கடைசி வரிசையில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். சொன்னால் நீ தடுமாறிவிடுவாய் என்று மறைத்தோம்.

அப்பா இறந்துபோனதும் அம்மா அறைக்குள் அடைந்துகொண்டதையும், பள்ளிக்கூடம் விட்டு வந்து மூடிய கதவுக்கு முன்னால் நீ கணக்கு டீச்சராகவும் பஸ் கண்டக்டராகவும் நடித்ததையும் சொன்னாய். "உள்ளேருந்து ஒரு சத்தம் இல்ல. என்னோட முதல் நாடகமே படுதோல்வி!" என்றதும் அரங்கமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் கதவு தானாகத் திறந்தது, ஏனென்று இன்றுவரை தெரியாது என்று நீ முடித்தபோதும் அந்தப் பிடி தளரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவேயில்லை. பழையபடி ஆகிவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வெளிய நின்னதத்தான் அவ சொல்றா. உள்ள இருந்தவ நான்ல?" என்றாள். "அவ வர்ற நேரத்துக்கு எழுந்து வந்து கதவோரமா தரையில உக்காந்துக்குவேன். அந்த டீச்சர் தும்முற இடத்துல சிரிப்ப அடக்க முடியாம துண்ட வாயில அடைச்சுக்குவேன்."

"சிரிச்சுத் தொலைச்சிருக்கலாமேம்மா!" என்றேன்.

"சிரிச்சா உங்கப்பாவ மறந்துட்டேன்னு ஆயிடுமோன்னு பயம்டீ."

பிறகு அவளாகவே சொன்னாள்: "ஒரு நாள் அவ வரல. காய்ச்சல்னு படுத்துட்டா போல. எனக்கென்ன தெரியும்? சத்தத்தக் காணோமேன்னுதான் கதவத் தொறந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நாட்களில் நான் அடுப்படியில் இருந்தேன். கதவின் எந்தப் பக்கமும் எனக்குத் தெரியாது.

அந்தக் கதவுக் கட்டத்தை நீ நாடகத்திலிருந்து நீக்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. "சீரியல்ல அவளுக்கு அழறதுக்கு மட்டும்தான் குடுப்பாங்க. பாதிக் கதைய வச்சுக்கிட்டே இந்தப் போடு போடுறா. மீதி என்கிட்ட இருக்கு, வரச் சொல்லு" என்கிறாள். கண்டக்டர் குரலில் மூக்கு அதிகமாம், குறைக்க வேண்டுமாம்.

அதனால் கண்ணே, மேடையை விடாதே. இந்தச் சுற்று முடிந்ததும் நேரே இங்கே வா. உன் குரலுக்கு ஒரு குறையும் வராமல் நீ நீடூழி வாழ வேண்டும். மீதியை நீ வந்த பிறகு, நாம் மூவரும் இருக்கும்போது சொல்லம்மா என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வா. இப்போதெல்லாம் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை.

எப்போதும் உன்
அக்கா